கேணிக்கரையில் நின்றவளின் பதில்கள்

போன இதழில், 52 வயதில் நீந்தப் பழகிய என் கதையை எழுதியிருந்தேன். ஸ்காபரோவில், ரொறன்ரோப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் பான் ஆம் நீச்சல் தடாகத்தில்தான் பழகினேன். அது மாணவர்களுக்கு மட்டும் உரிய இடம் அல்ல, ஊர்ச் சனமும் போகலாம் என்று கடைசியில் இரண்டு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த இரண்டு வரியைப் பற்றியவை. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடமில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஒருவருடைய பெயரும் போடவில்லை.

"அக்கா, அந்தக் கண்ணாடிக் கட்டடம் எழும்பிய நாளிலிருந்து பஸ்ஸில் போகும்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். யூனிவேர்சிற்றிப் பெடியளின் இடம் என்றுதான் நினைத்தேன். எங்களை உள்ளே விடுவார்களா? ஏன் வந்தீர்கள் என்று கேட்பார்களா?" (வாசகி, மால்வேர்ன்)

தாராளமாக விடுவார்கள், தங்கச்சி. ஏன் வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

2015இல் ரொறன்ரோவில் பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்காகக் கட்டியதுதான் இது. போட்டிக்கு முந்திய வருடமே, 2014இல், சனத்துக்குத் திறந்துவிட்டார்கள். வளாகத்தின் வடக்குப் பக்கத்துக் காணி அது. ஒருகாலத்தில் குப்பை கொட்டிய நிலம் என்பதால் மண்ணைச் சுத்தப்படுத்திவிட்டுத்தான் அத்திவாரம் போட்டார்கள். பல்கலைக்கழகமும் ரொறன்ரோ மாநகரமும் பங்காளிகளாகச் சேர்ந்து அதை வைத்திருக்கின்றன. மாநகரத்தின் பங்கு என்றால் யாருடைய பங்கு? வீட்டு வரி கட்டுகிற உங்களுடையதும் என்னுடையதும். வாடகைக்கு இருப்பவர்களும் அந்த வரியை வாடகைக்குள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மற்றப் பங்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2010இல் அந்த வளாகத்து மாணவர்கள் வாக்கெடுப்பு வைத்து, தங்கள் கட்டணத்தோடு சேர்த்து 30 மில்லியன் டொலர் கொடுப்பதற்குச் சம்மதித்தார்கள். கடைசி வருடத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தாங்கள் அந்தத் தண்ணீரில் கால் நனைக்கப் போவதில்லை என்று தெரிந்திருக்கும். அப்படியும் வாக்கெடுப்பு வென்றது. அதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு நிறையும். உள்ளே போனால் அங்கே நீந்துகிற மாணவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பாவது சிரித்துவிட்டு வாருங்கள்.

இதே வளாகத்தில் தமிழ் இருக்கை அமைவதற்கு நாங்கள் 3 மில்லியன் டொலர் சேர்த்துக் கொடுத்தோம். 2021இல் அந்தத் தொகை நிறைந்தபோது எவ்வளவு சந்தோசப்பட்டோம்! அப்படிக் காசு சேர்த்த சனம் பக்கத்துக் கட்டடத்தை பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டு போவது எனக்கு மனத்துக்கு ஒப்பவில்லை.

உள்ளே 50 மீற்றர் நீளத்தில் இரண்டு தடாகங்கள், ஒவ்வொன்றிலும் 10 தடங்கள். பக்கத்தில், மேலிருந்து குதிப்பவர்களுக்கென்று ஆழமான இன்னொரு தடாகம். அதன் உச்சி மேடை 10 மீற்றர் உயரம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் 16 வயதில் 4 பதக்கம் வென்ற பென்னி ஒலெக்சியாக் பயிற்சி எடுத்தது இந்தக் கட்டடத்தில்தான். அந்தப் பிள்ளை நீந்திய இடத்தில்தான் நான் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலடிக்கப் பழகினேன்.

உள்ளே போவதற்கு மூன்று வழி உண்டு. மாநகரம் நடத்தும் வகுப்புகளும் பொது நீச்சல் நேரங்களும் ஒன்று. நிலையத்தின் சொந்த உறுப்புரிமை அல்லது அன்றைக்கு மட்டும் காசு கட்டிப் போவது இரண்டாவது. மாணவர் அட்டை மூன்றாவது. கட்டணம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ரொறன்ரோவில் வசிக்கும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாநகரத்தில் 'வெல்கம் பொலிசி' என்று ஓர் உதவித் திட்டம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க வெட்கப்படாதீர்கள். மார்க்கம், ஏஜாக்ஸ் ஆட்கள் அதற்குச் சேரமாட்டார்கள். உங்கள் நகரத்தில் என்ன உதவி உண்டு என்று அங்கேதான் கேட்க வேண்டும்.

போகுமுன் அன்றைய நேர அட்டவணையை ஒருக்கா பார்த்துவிட்டுப் போங்கள். போட்டி நடக்கிற நாட்களில் தடாகத்தை மூடிவிடுவார்கள். 116 மோர்னிங்சைட் பஸ் அந்தப் பக்கத்தால்தான் போகும். முதல் நாள் நீந்த வேண்டும் என்றே இல்லை. மேலே பார்வையாளர் கதிரைகள் இருக்கின்றன. நான் முதல் நாள் ஒரு மணித்தியாலம் அங்கே இருந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எந்தப் பக்கம் ஆழம், எந்தக் கதவால் வருகிறார்கள், என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று எல்லாம் அன்றைக்கே விளங்கிவிட்டது. இரண்டாம் நாள் கால் நடுங்கவில்லை.

"சுரிதாருடன் இறங்கலாமா? அந்த நீச்சல் உடுப்பைப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நிற்க எனக்கு ஏலாது." (வாசகி, பிரம்டன். இதே கேள்வியை இன்னும் 11 பேர் கேட்டிருக்கிறார்கள்.)

பருத்தித் துணியோடு மட்டும் இறங்காதீர்கள். நான் வேறொரு தடாகத்தில் முதல் வகுப்புக்குத் தடித்த பருத்திச் சட்டையும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு போனேன். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது ஒன்றும் தெரியவில்லை. மிதக்கப் பழக்கியபோது துணி முழுக்கத் தண்ணீரைக் குடித்துவிட்டு, யாரோ கீழே இருந்து பிடித்து இழுப்பதுபோல இருந்தது. சட்டையின் கீழ்ப்பகுதி மிதந்து வந்து முகத்தை மூடிவிட்டது. பழக்கியவர் கையைப் பிடித்துத் தூக்கினார். பயத்தில் ஆறு மாதம் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. சுரிதாரின் துப்பட்டாவும் தொங்கலும் அதைவிட மோசம்.

உடம்பை மூடுவதற்கு வழி இருக்கிறது. நைலோன், பொலியெஸ்ரர் துணியில் முழுக்கைச் சட்டையும் கணுக்கால்வரை நீளும் காற்சட்டையும் விளையாட்டுச் சாமான் கடைகளில் வாங்கலாம். அந்தத் துணி தண்ணீரைப் பிடித்து வைக்காது. முஸ்லிம் பெண்கள் அணியும் புர்கினியும் தடாகங்களில் வழக்கமாகப் பார்க்கிற உடுப்புத்தான். நான் இன்றைக்கும் கடும் நீல முழுக்கைச் சட்டையோடுதான் நீந்துகிறேன். மாநகரத்தின் சில தடாகங்களில் பெண்களுக்கு மட்டும் என்று தனி நேரமும் வைக்கிறார்கள். அதைக் கேட்டு அறிந்து, உங்கள் வீட்டுக்குக் கிட்ட எது என்று பாருங்கள். அங்கே தொடங்கிவிட்டுப் பிறகு வளாகத்துக்கு வரலாம்.

உடுப்பு மாற்றுகிற இடத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெண்களுக்குத் தனி அறை உண்டு. குடும்பமாக வருகிறவர்களுக்கு, கதவு பூட்டுகிற சிறு தடுப்பறைகளும் உண்டு. மற்றவர்களுக்கு முன்னால் உடுப்பு மாற்ற வேண்டிய கட்டாயம் ஒருவருக்கும் இல்லை. ஒரு பூட்டு கொண்டு போங்கள், லொக்கருக்குத் தேவைப்படும். துவாய், பாட்டா, தலைக்குத் தொப்பி, கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி. அவ்வளவுதான்.

இனி எங்கள் பெண்களுக்கென்று சில விசயம். தாலிக்கொடியைத் தயவுசெய்து வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். லொக்கரிலும் வேண்டாம், கழுத்திலும் வேண்டாம். தடங்களைப் பிரிக்கிற கயிற்றில் சங்கிலி கொழுவினால் கழுத்து வெட்டுப்படும். குளோரீன் பொன்னின் மினுக்கத்தையும் கெடுக்கும். கழற்ற மனம் வரவில்லை என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறா. அம்மா, ஒரு மஞ்சள் நூலைக் கட்டிக்கொண்டு வாருங்கள், அது பாரமும் இல்லை, கொழுவினால் அறுந்துவிடும். ஒட்டுப் பொட்டைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். தடாகத்தின் அடியில் எத்தனை சிவப்புப் பொட்டுக் கிடந்து பார்த்திருக்கிறேன்! தலைக்கு எண்ணெய் வைத்த அன்று வராதீர்கள். எண்ணெய் தண்ணீரின் மேல் படையாக நிற்கும், வடிகட்டியிலும் போய் ஒட்டும். வர வேண்டியிருந்தால் நன்றாக முழுகிவிட்டு வாருங்கள்.

"நான் வல்வெட்டித்துறையில் பிறந்தவன். வயது 71. அலைக்குள் நீந்தி வளர்ந்தவன். இங்கே ஆழப் பக்கத்துக்குப் போகப் பார்த்தேன். ஒரு சின்னப் பெட்டை விசில் அடித்து மறித்து, முதலில் நீந்திக் காட்டுங்கள் என்கிறாள். எனக்குப் பெரிய மானக்கேடாகப் போய்விட்டது." (வாசகர், மார்க்கம்)

ஐயா, உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. நீங்கள் பிறந்த கரை எப்படிப்பட்டது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். 1954இல் நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் உங்கள் ஊர் ஆழிக்குமரன் ஆனந்தன் போகவும் வரவும் இரண்டு தரம் கடந்தார். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது அவர் இறந்த செய்தி வந்த நாளில் எங்கள் வீட்டில் ஐயா சாப்பிடவில்லை. எனக்கு நல்ல ஞாபகம்.

ஆனால் விசில் அடித்த அந்தப் பிள்ளைக்கு இது ஒன்றும் தெரியாது. அவளுடைய கண்ணுக்கு முன்னால் நிற்பது 71 வயது மனிதர் ஒருவர். அவளுடைய பொறுப்பில் அந்த நேரம் அறுபது எழுபது உயிர் இருக்கும். ஆழப் பக்கத்துக்குப் போக விரும்புகிறவர்களை நீந்திக் காட்டச் சொல்வது இங்கே வழக்கம். உங்களை அவமதிக்க அவள் நினைக்கவில்லை, ஐயா. மறித்தபடியால் அவள் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறாள் என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கடல் நீர் உப்பினால் அடர்த்தி கூடியது, உடம்பைத் தானே தூக்கித் தரும். தடாகத்து நீர் அப்படித் தூக்காது. கடலில் பழகியவர்கள் இங்கே இறங்கியதும் கால் கீழே போகிறதே என்று திகைப்பதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் கடைசியாக நீந்தி எத்தனை வருடம் என்றும் எழுதவில்லை. நீந்தத் தெரிந்தது மறக்காது, மூச்சுத்தான் குறைந்திருக்கும். அடுத்த தரம் போகும்போது நீங்களே அந்தப் பிள்ளையிடம் போய், "தங்கச்சி, நான் நீந்திக் காட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். உங்கள் முதல் நான்கு வீச்சைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிடும்.

தடத்துக்குள் நீந்துகிற முறையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், கடலில் இந்தப் பிரச்சினை இல்லைதானே. ஒவ்வொரு தடத்தின் முகப்பிலும் மெதுவாக, நடுத்தரம், வேகம் என்று பலகை வைத்திருப்பார்கள். தடத்துக்குள் வலப்பக்கமாகப் போய், மறுபக்கத்தால் திரும்பி வர வேண்டும், தெருவில் கார் ஓடுகிற மாதிரி. பின்னால் வருபவர் காலைத் தொட்டால் அவருக்கு வழி விடச் சொல்கிறார் என்று அர்த்தம். சுவரடியில் நின்று, மூலைக்கு ஒதுங்கி விட்டுவிடுங்கள். நடுவில் நின்று கதைக்க வேண்டாம். 50 மீற்றர் தடாகத்தில் 20 நீளம் போனால் ஒரு கிலோமீற்றர். உங்களுக்கு அதுவரை போக ஆசை வரும், எனக்குத் தெரியும். முதல் கிழமை 4 நீளத்தோடு நிறுத்துங்கள்.

"உள்ளே போனதும் குளோரீன் மூக்கை அடிக்கிறது. மருந்து கூடப் போட்டுவிட்டார்களா?" (வாசகர், ஏஜாக்ஸ்)

பெரும்பாலும் மறுவளமாகத்தான். சுத்தமான தண்ணீரில் குளோரீன் அவ்வளவு மணக்காது. வியர்வை, சிறுநீர், உடம்பில் பூசிய கிறீம் எல்லாவற்றோடும் குளோரீன் சேரும்போது குளோரமீன் என்ற பொருள் உண்டாகிறது. மூக்கை அடிப்பதும் கண்ணை எரிப்பதும் அதுதான். அதனால்தான் இறங்குமுன் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். எங்கள் ஆட்கள் பலர் "பிறகு குளிக்கத்தானே போகிறோம்" என்று அதை விட்டுவிடுகிறார்கள். முன்னுக்குக் குளிப்பது மற்றவர்களுக்காக, பின்னுக்குக் குளிப்பது உங்கள் தோலுக்காக. இரண்டும் வேண்டும். வயிற்றோட்டம் வந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம். கிரிப்டோ என்கிற ஒரு கிருமி குளோரீன் போட்ட தண்ணீரிலேயே நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

"அம்மாவுக்கு 66 வயது. முழங்கால் வருத்தம், சீனி வருத்தமும் உண்டு. டொக்டர் தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார். அம்மா சிரிக்கிறா." (வாசகி, ஸ்காபரோ)

அம்மா சிரிக்கட்டும். சிரித்துக்கொண்டே இறங்கட்டும். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது உடம்பின் பாரத்தில் பாதியளவுதான் காலுக்கு வரும். நெஞ்சளவுக்குப் போனால் அதைவிடக் குறையும். தரையில் பத்து அடி நடந்தால் வலிக்கிற முழங்கால் தண்ணீருக்குள் அரை மணித்தியாலம் நடக்கும். போட்டிகள் நடக்கிற தடாகத்துத் தண்ணீர் கொஞ்சம் குளிர்தான், 25 முதல் 28 பாகை என்பது போட்டி விதி. அம்மாவுக்கு அது பிடிக்காது. இளஞ்சூடான சிறு தடாகம், அல்லது மூத்தவர்களுக்கான தண்ணீர் உடற்பயிற்சி வகுப்பு எது என்று வரவேற்பு மேசையில் கேளுங்கள்.

சீனி வருத்தம் இருப்பதால் மூன்று விசயம் கவனிக்க வேண்டும். இன்சுலின் எடுக்கிறவ என்றால் இறங்குமுன் சீனியைப் பார்த்துக்கொள்ளட்டும், நீந்தும்போது அது இறங்கும். பையில் ஒரு பழச்சாறுப் பெட்டி இருக்க வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. காலில் உணர்வு குறைந்தவர்களுக்கு ஓடு கீறினாலும் தெரியாது, தண்ணீருக்குள் போடுகிற மெல்லிய சப்பாத்து ஒன்று வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, பாதத்தை நீங்களே ஒருக்கா பாருங்கள். காலில் புண் இருக்கிற கிழமை வேண்டாம்.

"பனிக்காலத்தில் ஈரத் தலையோடு வந்தால் சளி பிடிக்காதா?" (இருவர்)

சளி கிருமியால் வருவது. ஆனால் மைனஸ் 15இல் ஈர மயிர் விறைத்துக் கம்பியாகிவிடும், அது சுகமான அனுபவம் இல்லை. காயவைத்து, கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கள். காதுக்குள் தண்ணீர் நின்றால் தலையைச் சரித்து, காதுச் சோணையை மெல்ல இழுத்துவிட்டால் வடிந்துவிடும். பஞ்சுக் குச்சி விடாதீர்கள்.

"மகனுக்கு 8 வயது. வகுப்புப் பதியும் நாளில் காலை 7 மணிக்கு எழும்பிக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தும் இடம் கிடைக்கவில்லை. 'படிப்புக்கு நேரம் போதாது, நீச்சல் எதற்கு, நாங்கள் என்ன கடற்கரையிலா இருக்கிறோம்' என்கிறார் கணவர். நானும் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்." (வாசகி, ஸ்காபரோ)

விடாதீர்கள். இந்த ஒரு கடிதத்துக்காகத்தான் இந்தப் பகுதி முழுவதையும் எழுத உட்கார்ந்தேன்.

நான் கீரிமலைக்குக் கிட்ட வளர்ந்தவள். நகுலேஸ்வரத்துக்குப் பக்கத்தில், கடலோரத்தில் ஊற்றுத் தண்ணீர்க் கேணி. ஆண்களின் கேணி திறந்த வெளியில். அண்ணன்மார் படிக்கட்டிலிருந்து பாய்வார்கள், அடியில் போய் மண் எடுத்து வந்து காட்டுவார்கள். பெண்களின் கேணி தனியாக, மதிலுக்குள். அங்கே நாங்கள் குளித்தோம், முழுகினோம், தோய்த்தோம். நீந்த ஒருவரும் பழக்கவில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு என்றார்கள். கரையில் நின்று அண்ணன்மாருடைய உடுப்பைக் காவல் காத்தது எனக்கு இன்றும் ஞாபகம். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்ட பிறகு அந்தக் கேணிப் பக்கம் போகவே முடியாமல் பல வருடம் போனது. கனடாவுக்கு வந்து வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று காலம் ஓடிவிட்டது. நீந்துவதைப் பற்றி நினைக்கவேயில்லை.

பிறகு என் சித்தியின் மகன் போனான். 24 வயது. வடக்கே ஓர் ஏரிக்கரைக்குக் கோடையில் இருபது பேர் போயிருந்தோம். இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தோம், ஒரு பக்கம் கிரிக்கெட். அவன் முழங்காலளவு தண்ணீரில் நின்று பந்து எறிந்து விளையாடிக்கொண்டிருந்தான். அடி எடுத்து வைத்த இடம் சரேலென்று ஆழம். அவன் கத்தவில்லை. கை காட்டவில்லை. தாண்டு போகிறவர்கள் கத்துவார்கள் என்று நாங்கள் படத்தில் பார்த்து நம்பியிருக்கிறோம். மூச்சு எடுக்கவே வாய் தண்ணீருக்கு மேல் வராதபோது எப்படிக் கத்துவது? உடம்பு நிமிர்ந்தபடி, கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தியபடி, முகம் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். கரையிலிருந்து பார்த்தால் நின்று விளையாடுவதுபோலத் தெரியும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். இருபது பேர் இருந்தோம். ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. கடலால் சூழ்ந்த குடாநாட்டிலிருந்து வந்த இருபது பேர்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். கடற்கரையில் இல்லைத்தான். ஆனால் ஒன்ராறியோவில் எத்தனை ஏரி! ஒவ்வொரு கோடையும் நாங்கள் அங்கேதானே கூட்டமாகப் போகிறோம்.

பதக்கம் வாங்குகிற அளவுக்கு நீந்தப் பழக வேண்டாம். இங்கே உயிர்காப்புச் சங்கம் 'சுவிம் ரு சேவைவ்' என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒன்ராறியோவில் பல பள்ளிக்கூடங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைப் பழக்குகிறார்கள். அதில் மூன்றே விசயம். ஆழத் தண்ணீருக்குள் உருண்டு விழ வேண்டும். ஒரு நிமிடம் ஓரிடத்தில் தலையை மேலே வைத்துத் தாக்குப்பிடிக்க வேண்டும். பிறகு 50 மீற்றர் எப்படியாவது நீந்த வேண்டும். எந்த வீச்சு, எந்த வடிவு என்று கேட்பதில்லை. திடீரென்று விழுந்தால் திகைப்பு அடங்கவும், கரை எங்கே என்று பார்க்கவும், அங்கே போய்ச் சேரவும் தேவையானது அவ்வளவுதான். சித்தியின் மகனுக்கு அந்த 50 மீற்றர்கூடத் தேவைப்பட்டிருக்காது. நாலு மீற்றர் போதும், கால் நிலத்தில் பட்டிருக்கும்.

சரி, இடம் எப்படிப் பிடிப்பது? மகனின் பள்ளிக்கூடத்தில் இந்தப் பயிற்சி உண்டா என்று முதலில் கேளுங்கள், உண்டென்றால் அனுமதிக் கடிதத்தில் உடனே கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கடிதத்தைப் பயத்தில் ஒப்பமிடாமல் திருப்பி அனுப்பிய தாய்மாரை எனக்குத் தெரியும். மாநகர வகுப்புக்குக் கணக்கை முதல் நாளே திறந்து, உள்ளே போய்ப் பார்த்து, வகுப்பின் இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விரும்பிய நேரம் நிறைந்துவிட்டால் வேறு நேரத்தைப் பிடியுங்கள், வேலை நாட்களில் பின்னேர வகுப்புகளில் சிலவேளை இடம் இருக்கும். காத்திருப்போர் பட்டியலிலும் பெயரைப் போடுங்கள், முதல் கிழமையிலேயே சிலர் விலகுவார்கள். இடம் வரும்வரை பொது நீச்சல் நேரத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். சின்னப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் இறங்கி, கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். கரையில் இருந்துகொண்டு போன் பார்ப்பது சரிவராது. முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விடப் பழக்குங்கள். பிறகு மல்லாந்து மிதப்பது. உங்கள் உள்ளங்கை அவன் முதுகுக்குக் கீழே இருக்கட்டும், மெல்ல மெல்ல எடுங்கள். கையை எடுத்துவிட்டீர்கள் என்று அவனுக்குத் தெரிகிற நொடியில் அவன் முகத்தைப் பாருங்கள்.

அவனோடு இறங்க உங்களுக்கும் நீந்தத் தெரியாது என்று கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தீர்கள். நெஞ்சளவுத் தண்ணீருக்கு மேல் போகாமல் நீங்களும் சேர்ந்து பழகுங்கள். வளர்ந்தவர்களுக்கான வகுப்பும் உண்டு. நான் சேர்ந்தபோது எங்கள் வகுப்பில் ஏழு பேர், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், மூன்று பேர் தமிழ். பழக்கியவ அந்த வளாகத்து மாணவி, என் மகளைவிட இளையவ. எட்டாவது கிழமை நான் கையை விட்டு மிதந்தபோது அவ கரையில் நின்று கைதட்டினா. கூரையில் இருந்த விளக்குகளை முதல்தரம் அப்போதுதான் பார்த்தேன். காதுக்குள் சத்தம் எல்லாம் அடங்கிப்போய், என் மூச்சு மட்டும் கேட்டது.

"நீங்கள் எப்போது போவீர்கள்? தனியாக வரப் பயமாக இருக்கிறது." (வாசகி, மால்வேர்ன்)

நேர அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும், ஆனால் செவ்வாய்க்கிழமை காலையை நான் விடுவதில்லை. மெதுவாக என்று பலகை வைத்த தடத்தில், கடும் நீலச் சட்டை, ஊதாத் தொப்பி. சுவரடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது வந்து கூப்பிடுங்கள். என்னிடம் பூட்டு இரண்டு இருக்கிறது, நீங்கள் துவாயை மட்டும் கொண்டு வந்தால் போதும்.